ஹாங்காங் படகில் போன அப்பளப் பை

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெயர் இசக்கியம்மாள். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாம் ஹாங்காங் கதையைக் கேட்பதால், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

1. ஊர் பார்த்தது

எங்கள் முதலாளி கோமதி அக்கா. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயாது. எங்களுக்கும் வேலை இருக்காது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கிடைத்தால் டிரையர் வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஹாங்காங் உணவுக் கண்காட்சியில் அக்கா ஸ்டால் எடுத்தார். துணைக்கு நான். துபாயில் மகனைப் பார்க்கப் போனபோது எடுத்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

நாங்கள் போய் இறங்கியதற்கு மறுநாள்தான் கண்காட்சி. லாட்ஜ் அறையில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் கதவைச் சாத்த முடியும். அங்கே அப்பளச் சாம்பிள் பையை வைத்துவிட்டு வர அக்காவுக்கு மனசில்லை. தூக்கிக்கொண்டே கிளம்பினோம்.

வண்ணார்பேட்டையில் பஸ்களுக்கு நடுவே புகுந்து ரோட்டைக் கடக்கிறவள் நான். இங்கே சிக்னல் கம்பம் டக்டக்கென்று சத்தம் போட, வண்டியே வராத ரோட்டில் ஒரு கூட்டம் அசையாமல் நின்றது.

"ஒண்ணுமே வரலியேக்கா, போவமா?"

"சும்மா நில்லுட்டி. எல்லாரும் நிக்காவல்லா."

நின்றேன். தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மழை என்று முந்தானையைப் போட்டுக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுப்பாக இருக்கிறது. மாடி மாடியாக ஏசி பெட்டிகள், அத்தனையும் ஒழுகுகின்றன.

மாடி வைத்த ட்ராம் வண்டியில் முன்பக்கமாக ஏறப் போய் டிரைவரிடம் ஏச்சு வாங்கினேன். பின்னால் ஏறி, முன்னால் இறங்கும்போது டிக்கெட் காசைப் போட வேண்டுமாம். கடைவீதியில் சுட்ட வாத்துகளைக் கழுத்தில் கொக்கி மாட்டிக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா சைவம், குனிந்த தலை நிமிராமல் நடந்தார். நான் அவருக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

2. பை போனது

துறைமுகத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகு விடுகிறார்கள், ஏறிக்கொண்டோம். எங்கள் ஆற்றில் நின்றால் அக்கரையில் குளிக்கிறவள் யார் என்று முகம் தெரியும். இங்கே அக்கரை முழுக்கக் கட்டடம். நடுவே கப்பல், தோணி, பெட்டி ஏற்றிய தெப்பம் என்று ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி போகின்றன, ஆனால் உரசவில்லை. அக்கா செல்போனில் வீடியோ எடுத்தார். நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன். கரை வந்ததும் கூட்டத்தோடு இறங்கினோம். படகு திரும்பிப் போய்விட்டது.

"ஏட்டி இசக்கி, பை எங்கட்டி?"

"நீங்கல்லா வெச்சிருந்திய!"

"வீடியோ எடுக்கும்போது ஒங்கிட்டதானட்டி குடுத்தேன்!"

அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "வெறும் மேசையப் போட்டுட்டு நாளைக்கு நிக்கவா? பிள்ளைகளுக்கு என்னட்டி பதில் சொல்லுவேன்?" என்றார்.

படகுத்துறையில் மாலுமி உடுப்பில் ஒரு பெரியவர் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, பை போயிட்டு! மஞ்சப் பை! படகுல!" என்று கையால் பையும் படகும் வரைந்து காட்டினேன். அவர் தன் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸில் பேசினார். அடுத்த நடையில் பை வந்து சேர்ந்தது.

3. பை வந்தது

ஆனால் உடனே கையில் தரவில்லை. ஆபீஸ் அறைக்குள் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை வட்டம். என்ன இது என்று அங்கிருந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். உளுந்து, பிரண்டை, வெயில் என்று அக்கா நன்றாகத்தான் விளக்கினார். கடைசியில் "சாப்பிடுகிற பொருள்" என்று சொன்னதுதான் வினை. மாலுமி அண்ணாச்சி ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

"ஐயோ, கடிச்சிராதிய!" என்று நான் கத்துவதற்குள் கடித்தாயிற்று. உப்பும் காரமும் பச்சை மாவுமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதிகாரி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூலையில் அவர்கள் சோறு சூடு பண்ணுகிற மைக்ரோவேவ் இருந்தது. எண்ணெய் இல்லாமல் அப்பளமா என்று அக்கா முறைத்தார். நான் ஒன்றை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கச் சொல்லிக் காட்டினேன். கண்ணாடிக்குள் அப்பளம் புரண்டு, கொப்புளம் விட்டு, எழும்பியது. அதிகாரி குனிந்து பார்த்தார். எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். பயந்து பயந்துதான் கடித்தார். நொறுங்குகிற சத்தம் கேட்டதும் சிரித்துவிட்டார். பிறகு வெளியே நின்றவர்களையும் கூப்பிட்டார். பையில் பாதியோடுதான் வெளியே வந்தோம்.

மறுநாள் ஸ்டாலில் அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பொரித்ததைக் கையில் கொடுத்தோம். பொரிக்காததை எட்டாத இடத்தில் வைத்தோம். ஆர்டர் ஒன்று கிடைத்தது, பெரிது இல்லை. ஆனாலும் டிரையர் வந்தது. போன கார்த்திகையில் மழை கொட்டும்போதும் யூனிட் நடந்தது.

பாக்கெட்டில் பொரிக்கிற படம் ஏன் ஒட்டுகிறோம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்பளத்தை நாம் தினமும் பார்க்கிறோம். வாங்குகிறவர்களில் ஒருவருக்கு அது முதல் நாளாக இருக்கும். அவரை நினைத்துப் படத்தைக் கோணாமல் ஒட்டுங்கள்.