சத்தமே இல்லாத கீபோர்டு

பெடலக்காவுக்குப் பெரிய மனிதர்கள் பலரைக் காதால் தெரியும். கண்ணால் ஒருவரையும் தெரியாது. கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பேசப்படுவதை ஒலிப்பதிவில் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து தருகிற அலுவலகத்தில் அவருக்கு வேலை. மேஜைக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும். முன்காலால் மிதித்தால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும். இந்தப் பழக்கத்தில், நேரில் பேசுகிறவர் சொன்னது புரியாவிட்டாலும் அக்காவின் குதிகால் தானாகத் தரையை அழுத்தும். எதிரே இருப்பவர் பின்னுக்குப் போவதில்லை என்பதில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

அந்த அறை ஒரு விசித்திரம். அவ்வளவு பேச்சு ஓடுகிற இடத்தில் யாரும் பேசுவதில்லை. எல்லார் தலையிலும் ஹெட்போன். ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்த நாற்காலிக்கு அது மதியச் சாப்பாட்டு வேளையில்தான் தெரியவரும். விதிவிலக்கு ஒருத்தி, அக்காவின் பக்கத்து இருக்கைக்காரி. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு காதை வேலைக்கும் இன்னொன்றை வம்புக்கும் கொடுத்திருந்தாள். யார் யாரிடம் போனில் குழைந்தார்கள், யார் வீட்டில் என்ன தகராறு, எல்லாம் அவள் வழியாகத்தான் மற்றவர்களுக்கு வந்து சேரும். ஒத்தக்காது என்று பெயர் வைத்தார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

அக்காவுக்கு அவள் கூடப்பிறக்காத தங்கை. ஒத்தக்காதின் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தது அக்காதான். புருஷன்காரன் வந்து சேர்ந்தபோது குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருந்தது.

இந்த நிலையில் விசாரணை நடக்கும் அரங்கத்திலேயே புதிதாக ஒரு நாற்காலி உருவானது. ஒரு பெரிய விசாரணைக் குழு, கூட்டம் நடக்கும்போதே பேச்சு எழுத்தாகித் திரையில் ஓட வேண்டும் என்று கேட்டிருந்தது. குழுவில் காது மந்தமானவர்கள் பலர், ஒத்துக்கொண்டவர் ஒருவர். அந்த நாற்காலிக்கு அக்காவையும் ஒத்தக்காதையும் ஆளுக்கு ஒருநாள் உட்காரவைத்துப் பார்ப்பது என்று மேற்பார்வையாளர் முடிவு செய்தார். அவரவர் கைக்குப் பழகிய கீபோர்டைக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார்.

அக்கா அந்த நாற்காலிக்கு ஏங்கியதைப் பார்த்து, சம்பளம் கூடுமோ என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். கூடாது. அவருக்கு முகங்களைப் பார்க்க வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் இருமுவார். அந்த இருமலை வைத்து அக்கா அவருக்கு ஒரு மீசையும் கனத்த கண்ணாடியும் கொடுத்துவைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்தாயிற்று, ஒருமுறையாவது பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும் என்பதுதான் ஆசை.

"எனக்கெதுக்குக்கா அதெல்லாம்?" என்றாள் ஒத்தக்காது. "சார் கேட்டாரேன்னு பேரு குடுத்தேன். சீட்டு உங்களுக்குத்தான். முதல்ல ஆபீஸ் குடுத்த அந்த ரப்பர் கீபோர்டைத் தூக்கிப் போடுங்க. ஈரத்துணியில குத்துற மாதிரி இருக்கு. நல்லதா ஒரு மெக்கானிக்கல் வாங்குங்க."

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு சிறிய பலகையை எடுத்து வைத்தார். அதில் சிவப்பு, பழுப்பு, நீலம் என்று விதவிதமான சுவிட்சுகள், மேலே ஆளுக்கொரு தொப்பி. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பு நடுவில் லேசாகத் தடுக்கும், நீலம் உள்ளே படி வைத்தமாதிரி விரலுக்கு நன்றாகச் சொல்லிவிட்டு இறங்கும் என்று விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அது இல்லாமல் அவருக்கு விரல் ஓடாது.

"மூக்கைப் பொத்திக்கிட்டு பூ வாங்குற மாதிரி இருக்கே மேடம்!" என்று கடைக்காரர் சிரித்தார். அக்காவுக்குக் கேட்கவில்லை.

நீலத்தில் கை வைத்ததும் முகம் மலர்ந்தது. அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் பதிந்தது விரலுக்கே தெரிந்தது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒத்தக்காது அவர் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அக்கா கையை எடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். வம்பானாலும் சத்தமானாலும் கேட்டுச் சொல்வது ஒத்தக்காதின் வேலை.

"சத்தம் எப்படிடி இருக்கு? அரங்கத்துல மைக் இருக்கும்."

"சத்தமே இல்லக்கா. மத்தது மாதிரிதான்."

"நல்லாக் கேட்டியா?"

"ஒத்தக்காதுகிட்டயே கேக்குறீங்க பாருங்க!"

இருவரும் சிரித்தார்கள். கடைக்காரர் திரும்பி வருவதற்குள் அக்கா கையில் பணத்தை எண்ணி வைத்திருந்தார்.

அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் ஹெட்போனோடு பயிற்சி தொடங்கியது. கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் எழுந்து வந்து அக்காவின் தோளைத் தட்டினார்.

"என்னம்மா இது? கூரையில கல்லு விழுற மாதிரி இருக்கு. நியூஸ் கேக்க முடியல."

"நான் எது வாங்கினாலும் உங்களுக்கு ஆகாது. மிக்ஸி வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"மிக்ஸியும் சத்தமாத்தானே இருக்கு?"

எதையும் குறை சொல்கிறவர் என்பதால் அவர் சொன்ன உண்மை எடுபடவில்லை. கூடப்பிறக்காத தங்கை என்பதால் அவள் சொன்ன பொய் எடுபட்டது. அலுவலகத்திலோ ஹெட்போன் மாட்டிய அத்தனை தலைகளில் ஒன்றுகூட நிமிரவில்லை. கூரையில் விழுந்த கல்லெல்லாம் ஒரே ஒரு காதில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் காதுக்காரி தினமும், "வேகம் ஏறியிருக்குக்கா" என்று தட்டிக்கொடுத்தாள். அதுவும் உண்மைதான்.

அரங்கத்தில் அக்காவின் முறை வந்தது. அங்கே ஹெட்போன் கூடாது, நேரில் கேட்டு எழுத வேண்டும். தலைவருக்கு மீசை இல்லை, கண்ணாடி மட்டும் இருந்தது. அக்காவுக்கு அதுவே போதுமான மகிழ்ச்சி. தலைவர் இருமினார், முதல் கேள்வியைக் கேட்டார், அக்கா அடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் தன் கீபோர்டை முதல்முறையாகக் காதால் கேட்டார். வட்டமேஜையில் இருந்த மைக்குகள் எல்லாம் அதைப் பிடித்து, நாலு சுவரிலும் இருந்த ஒலிபெருக்கிகளுக்குக் கொடுத்தன.

தலைவர் நிறுத்தினார். "யாருப்பா அங்க ஆணி அடிக்கிறது?"

அரங்கமே சிரித்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்து நீலத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துப் பழைய ரப்பர் கீபோர்டை வைத்தார். படி வைத்து இறங்கிப் பழகிய விரல்கள் சேற்றில் கால் வைத்தமாதிரி தடுமாறின. திரையில் பாதி வார்த்தைகள் வந்தன, மீதி வரவில்லை. காது மந்தத்தை ஒத்துக்கொண்ட அந்த ஒரே உறுப்பினர், பாவம், தனக்குத்தான் கண்ணும் போய்விட்டதோ என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எதிரே வரிசையாக முகங்கள் இருந்தன. அக்கா ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஒத்தக்காது அதே ரப்பர் கீபோர்டில், அதைவிட்டு வேறெதுவும் அறியாத விரல்களால், சத்தமில்லாமல் அடித்து முடித்தாள். நாற்காலி அவளுக்குப் போனது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தோணவே இல்லையேக்கா" என்று கண் கலங்கினாள். அக்காதான் அவளைத் தேற்றினார்.

அரங்கத்தில் அவசரமாக எழுதியதை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துவது அறையில் இருப்பவர்களின் வேலை. ஒத்தக்காது எழுதிய அந்த முதல்நாள் ஃபைல் அக்காவுக்கே வந்தது. பெடலை மிதித்தார். இருமல், கேள்வி, பதில், மறுபடி இருமல். பிறகு இடைவேளை. நாற்காலிகள் நகர்ந்தன, பேச்சொலி வெளியே போனது. ஒரு மைக் மட்டும் அணைக்கப்படாமல் இருந்தது. அணைத்திருக்க வேண்டிய மைக்செட்காரர் அதன் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து வந்த அம்மா பாவம். அவங்க கீபோர்டு அப்படிக் கத்தும்னு அவங்களுக்கே தெரியலையா?"

"எப்படித் தெரியும்? காதை அடைச்சிக்கிட்டுதானே அடிப்பாங்க." ஒத்தக்காதின் குரல்.

"நீ பக்கத்து சீட்டுதானே? சொல்லியிருக்கலாமில்ல?"

"என்கிட்டதான் கேட்டாங்க. சத்தமே இல்லன்னு சொன்னேன்."

அதன் பிறகு ஒரு சிரிப்பு. சின்னதுதான்.

குதிகால் அழுத்தியது. இந்த முறை எதிரே இருந்தவள் பின்னுக்குப் போனாள், திரும்ப வந்து அதையே சொன்னாள், அதேபோல் சிரித்தாள். எத்தனை தடவை அழுத்தினாலும் மாற்றிச் சொல்லவில்லை.

இடைவேளைப் பேச்சை எழுதத் தேவையில்லை. 'இடைவேளை' என்று ஒரு சொல் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அக்காவும் இத்தனை காலம் அப்படித்தான் செய்துவந்தார். அன்று, மேஜைக்குத் திரும்பி வந்திருந்த நீலத்தில், வார்த்தை பிசகாமல் எழுதினார். யார் பேசியது என்ற குறிப்போடு, மைக்செட்காரரின் 'பாவம்' உட்பட. முடிவில் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்றும் போட்டார். அவருடைய ஃபைல்களிலேயே பிழை இல்லாத ஃபைல் அதுவாகத்தான் இருக்கும்.

திருத்திய பிரதியை அரங்கத்தில் எழுதியவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. ஃபைல் ஒத்தக்காதுக்குப் போனது. அன்று முழுக்கத் திரும்பவில்லை.

நடந்ததை வீட்டில் சொன்னபோது கணவர், "நான் அன்னைக்கே..." என்று தொடங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அந்த வீட்டில் அது பெரிய காரியம்.

மறுநாள் ஃபைல் வந்தது. ஒப்புதல் இருந்தது. ஒரு வரியைக்கூட அவள் நீக்கவில்லை, 'சத்தமே இல்லன்னு சொன்னேன்' உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்திருந்தாள். சிரிப்பு என்று இருந்த இடத்தில் இப்போது இருமல் என்று இருந்தது.

அக்கா பெடலை அழுத்திக் கேட்டார். பல வருடமாகத் தலைவரின் இருமலைக் கேட்ட காது அது, இருமல் எது என்று அதற்குத் தெரியும். சிரிப்புதான்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பழையதைத் திரும்ப அடித்தார். அறையில் ஒருவரும் நிமிரவில்லை. நீலம் ஒவ்வொரு எழுத்துக்கும் கத்தியது. நன்றாகவே கத்தியது.