மகனும் மக்கானும்

தீபாவளிக்கு முன் சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று என் மகள் மாட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றி என் கட்டில் மேல் பரப்பிவிட்டுப் போய்விட்டாள். புக்கிட் காதிலில் இருக்கும் அவள் வீட்டில்தான் இப்போது என் வாசம். படுக்க இடமில்லை. நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு படத்தைக் கையில் எடுத்தேன். அன்றைய மத்தியானத் தூக்கம் அதோடு போனது.

ஸ்டூடியோவில் எடுத்த படம். நாற்காலியில் என் கணவர், முழுக்கைச் சட்டையோடு விறைப்பாக. பக்கத்தில் அவருடைய அக்கா, சாரோங்கும் கெபாயாவும் போட்டுக்கொண்டு. நடுவில் முக்காலி மேல் மூன்று வயதில் என் மகன். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. கையில் காகிதக் கொடி வைத்திருக்கிறான். வாய் மட்டும் 'ஆ'வென்று திறந்திருக்கிறது.

"மாக், அண்ணன் ஏன் இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?" என்று மகள் கதவோரமாக நின்று கேட்டாள். "படமும் ரோசாக் ஆயிருச்சு. திரும்ப மாட்டணுமா?"

படம் கெட்டுப்போனது உண்மைதான். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "மாட்டு. அது வாயத் தொறந்த கதைய அப்புறம் சொல்றேன்," என்றேன். அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை, சாயம் அடிக்க வந்தவரோடு சண்டை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டில் சம்பந்தம் என்றதும், வட்டிக்கடைக்காரர்கள் என்று நினைத்துத் தோட்டமே என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. வந்து பார்த்தால் இவர்கள் வேறு செட்டிகள். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, மலாக்காக்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள். வாசலில் மாவிலை கட்டுவார்கள், விபூதி பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். என் கணவருக்குக் கோயிலில் சாமி கும்பிடும் அளவுக்குத் தமிழ் தெரியும். என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தெரியாது.

எனக்கோ தோட்டத்தில் கேட்ட நாலைந்து மலாய்ச் சொற்களைத் தவிர வேறு தெரியாது. வந்த முதல் நாள் என் நாத்தனார் கையைப் பிடித்து உட்கார வைத்து, அன்பாக, "சூடா மக்கான்?" என்று கேட்டார். எனக்கு 'சூடா மகன்?' என்று விழுந்தது. கழுத்தில் தாலி ஏறி மஞ்சள்கூடக் காயவில்லை, அதற்குள் மகனுக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்களே என்று குனிந்த தலை நிமிரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். நான் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டியதில் அன்று மத்தியானம் சோறு கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் சிரிப்பு வந்தால் எதற்குச் சிரிக்கிறேன் என்று சொல்லவும், அழுகை வந்தால் ஏன் என்று சொல்லவும் எனக்கு ஆள் இல்லை. மகன் பிறந்தபோது, இவனாவது என்னோடு தமிழ் பேசுவான் என்று நினைத்தேன். அவனைப் பெற்ற ஆசையில் பாதி அதுதான். தோட்டத்தில் நாங்கள் 'மவனே' என்போம். என் பிள்ளை அந்தச் சொல்லைத் திருத்தமாகக் கற்க வேண்டும் என்று நான், 'ஏ'கூட ஒட்டாமல், 'மகன், இங்க வா' என்று கூப்பிட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த திமிர். 'மவனே' என்றே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

ஏனென்றால், கூப்பிட்ட போதெல்லாம் பிள்ளை தத்தித் தத்தி ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தான். பாவம், பசி போலிருக்கிறது என்று நானும் ஏதாவது ஊட்டினேன். கொஞ்ச நாளில் பிள்ளை பூசணிக்காய் மாதிரி ஆனான். என் நாத்தனார்தான் ஒருநாள் கவனித்துவிட்டு, சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மற்றவர்கள் 'மக்கான்' என்றால் சோறு வருகிறது. அம்மாவும் கிட்டத்தட்ட அதைத்தானே சொல்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே அவனைக் கிணற்றடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். அவன் நெஞ்சைத் தொட்டு, "நீ என் மகன்," என்றேன். அவன் என் நெஞ்சைத் தொட்டு, மலாயில் அம்மாவைச் சொல்கிற மாதிரி, "மாக்," என்றான். மறுபடி அவன் நெஞ்சைத் தொட்டு, "மகன்," என்றேன். அவன் யோசித்துவிட்டு, என் கையைப் பிடித்து நெஞ்சிலிருந்து கீழே இறக்கித் தன் வயிற்றில் வைத்தான். அம்மா இடம் தெரியாமல் தொடுகிறாள் என்று நினைத்தான் போல. எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஒரு சொல்தானே," என்றார் என் கணவர், மலாயில். இருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பாடம் நடத்தவில்லை. ஆனால் அப்படிக் கூப்பிடுவதையும் விடவில்லை. கூப்பிட்டதும் வாயைத் திறந்து வருகிற பிள்ளையை வெறுமனே அனுப்பவும் மனசு வராது. அதனால் முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு குலா மலாக்கா முடிந்து வைத்திருப்பேன். இந்த ஊர் வெல்லம் அது, தென்னம்பதநீரில் காய்ச்சுவது. வியர்வையில் கசிந்து புடவையெல்லாம் கறை, எறும்பு. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கின நல்ல புடவைகூட ஒன்றும் தப்பவில்லை. அந்த எறும்புகள் இப்போது வந்து கடித்தால் கும்பிடு போடுவேன்.

ஸ்டூடியோவுக்குப் பெச்சா வண்டியில் போனோம். மகள் வயிற்றில் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளை கேமராவைப் பார்க்கவே இல்லை. பின்னால் திரையில் எழுதியிருந்த பூந்தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் பிடிக்கிற சீனர் கை தட்டினார், சொடுக்குப் போட்டார், நாய் மாதிரிக் குரைத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் நான், "மகன்," என்றேன்.

உடனே திரும்பினான். என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

சீனருக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னொன்று எடுக்கலாம் என்றார். என் கணவர் இதுவே போதும் என்றுவிட்டார். நான் முடிச்சை அவிழ்த்து வெல்லத்தை அந்த வாயில் போட்டேன். படத்தில் நான் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் வாயைத் திறந்திருப்பதே என்னைப் பார்த்துத்தான்.

மகள் பிறந்தபோது நான் உஷாராகி, 'மகள்' என்று கூப்பிட்டேன். மலாயில் மஹால் என்றால் விலை அதிகம். "ஒருத்தன் சாப்பாடு, ஒருத்தி செலவு. சரியாத்தான் பேர் வச்சிருக்கே," என்று என் கணவர் சாகும்வரை மலாயில் கேலி செய்தார். அவள் கெட்டிக்காரி. தமிழ் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு சண்டை போட்டே தமிழை நன்றாகக் கற்றுக்கொண்டாள். மகன் கற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் மலாய். நான் தமிழில் சொல்வது அவனுக்குப் பாதி புரியும், பதில் மலாயில் வரும்.

படிப்பு முடிந்து அவனுக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் வேலை கிடைத்தது. கோலாலம்பூர் போய் அங்கிருந்து விமானம். பஸ் நிலையத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு. பஸ் கிளம்புகிற சமயம் எனக்குத் தாங்கவில்லை. "மகன்," என்று கூப்பிட்டேன். திரும்பினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறக்கவில்லை. "சூடா மக்கான், மாக்," என்றான். சாப்பிட்டாயிற்று, அம்மா.

அன்றும் என் முந்தானையில் வெல்லம் இருந்தது. வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது புடவையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்படியே ஊறப்போட்டுத் துவைத்தேன்.

அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள், இப்போது ரிட்டையராகியும் அங்கேயேதான். பல் செட் மாட்டியிருக்கிறான். வருடத்துக்கு ஒரு தடவை வருவான். நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த முக்காலி மேல் நிற்கிறவன் வேண்டும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவன் எப்படிப் புரிந்துகொண்டாலும் சரி.

தினமும் சாயங்காலம் போன் செய்கிறான். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "மாக், சூடா மக்கான்?" காது மந்தமாகிவிட்டது எனக்கு. புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் விழுந்த மாதிரியேதான் இப்போதும் விழுகிறது.

நான் அதற்குள் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்திருப்பேன். ஆனாலும், "இன்னும் இல்ல," என்பேன்.

"ஏம்மா பொய் சொல்றீங்க, அண்ணன் அங்க கவலப்படுது," என்று மகள் திட்டுகிறாள். திட்டட்டும். இல்லை என்று சொன்னால்தானே அவன் இன்னொரு தரம் சொல்லுவான், சிறு பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக:

"மக்கான், மாக். மக்கான்."