பொட்டு வைத்த பிளம்மர் பிளாக்

ஆரணியில் சேவூர் ரோட்டில் இருக்கும் தமிழ்வாணனின் ரைஸ் மில்லில் துரைக்கண்ணு பதினோரு வருஷமாக ஃபிட்டர். மனுஷர்களிடம் அதிகம் பேசமாட்டார். பேரிங்கிடம் பேசுவார். ஸ்க்ரூ டிரைவர் நுனியை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, "இன்னா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று விசாரிப்பார்.

உமியை ஊதித் தள்ளும் பிளோயரின் பேரிங்தான் அவர் மானத்தை வாங்கியது. இருபது நாளைக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டுக்கு பிளம்மர் பிளாக் என்று பெயர். தண்டு அதற்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் சந்து இருக்கும். அந்தச் சந்தை எதை வைத்து அடைப்பது என்பதுதான் சிக்கல். உள்ளே இருக்கும் கிரீஸும் வெளியே வரக்கூடாது, வெளியே பறக்கும் தூசும் உள்ளே போகக்கூடாது.

முதலில் கம்பளி மாதிரி இருக்கும் ஃபெல்ட் வளையம் போட்டார். பேரிங் போனது. பிரித்தால் கிரீஸ் சிவப்பாக இருந்தது. துரு என்று நினைத்துக்கொண்டார். அடுத்து ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல். உதடு உள்ளே பார்த்தால் கிரீஸ் உள்ளேயே நிற்கும், வெளியே பார்த்தால் தூசும் தண்ணீரும் வெளியேயே நிற்கும். அவர் உள்ளே பார்க்க வைத்தார். மறுபடியும் சிவப்பு.

தமிழ்வாணன் கூப்பிட்டு, "துரை, இன்னொரு தபா மில்லு நின்னா வேலூர்லேர்ந்து ஆள வரவச்சுடுவேன். நீ வூட்ல உக்காந்து ஃபேனுக்கு எண்ணெ போடு" என்றார்.

துரைக்கண்ணு லேத்தில் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வளையங்களைக் கடைந்து வாங்கிவந்தார். அவை எங்கேயும் உரசாது. தூசு உள்ளே வரவேண்டுமானால் சந்து சந்தாகத் திரும்ப வேண்டும். தண்டு சுற்றும் வேகம் அதைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். பன்னிரண்டாம் நாள் பயத்தில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கிரீஸ் ரோஸ் நிறத்தில் இருந்தது. முகர்ந்தார். சந்தன வாசனை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மில்லில் பூஜை நாள். மில் ஓட ஆரம்பிக்கும் முன்பே போய் மூட்டைக்குப் பின்னால் நின்றார். மில்லைப் பெருக்கும் கன்னியம்மாள், நின்றிருந்த பிளோயரின் பிளம்மர் பிளாக் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்டு சுற்றாதபோது தண்ணீரை எறிய யார் இருக்கிறார்கள்? அது சாவகாசமாக உள்ளே நடந்து போனது. பிறகு அவள் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள்.

"அக்கா, இன்னா பண்ற?"

"மூஞ்சி கழுவறேன். ரெண்டு போல்ட்டும் கண்ணு, நடுவுல மூக்கு. இத்தினி வருஷம் பாத்துகினு இருக்கிற, தெரியல?"

"தண்ணி ஊத்தாம பொட்டு மட்டும் வையேன்."

"மூஞ்சி கழுவாமதான் உன் பொண்டாட்டி பொட்டு வக்குதா?"

துரைக்கண்ணு நேராகத் தமிழ்வாணனிடம் போனார்.

"வெள்ளிக்கிழம பூஜைய நிறுத்தச் சொல்றியா? அதனாலதான்டா மில்லு ஓடுது."

"அதனாலதான் மொதலாளி நிக்குது."

"வேலூர் ஆளு நம்பர் போன்லதான் கீது, துரை."

அன்று மத்தியானமே துரைக்கண்ணு காயலான் கடையிலிருந்து ஒரு காலி பிளம்மர் பிளாக் வாங்கிவந்து, பச்சை பெயின்ட் அடித்து, வாசல் பக்கம் போல்ட் போட்டு முடுக்கினார். பிளோயரினுடையதைத் தகரத்தால் மூடினார். பொய்யெல்லாம் சொல்லவில்லை.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லக்கா. எவ்ளோ வேணா ஊத்து."

கன்னியம்மாள் அதைச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குக் கண்ணு லட்சணமா கீது" என்றாள்.

ஐந்து மாதம் பிளோயர் நிற்கவே இல்லை. எல்லாம் பச்சை பிளாக்கின் மகிமை என்று தமிழ்வாணன் அதற்குத் தினமும் கதம்பம் போட்டார். ஒரு வெள்ளிக்கிழமை கன்னியம்மாள் அதைக் காட்டிக் கத்தினாள்: "துரை, உள்ள தண்ணி பூந்து துரு புடிக்குது பாரு. பாவம்."

தமிழ்வாணன் ஓடிவந்தார். "அதுக்கு எதுனா ஆச்சுன்னா மில்லே நின்னுடும். ஜல்தியா பாரு துரை."

துரைக்கண்ணு காலிக் கூட்டுக்குள் ஒரு துண்டுத் தண்டைச் செருகி, இரண்டு பக்கமும் ஆயில் சீல் போட்டார். காப்பாற்ற உள்ளே கிரீஸ் இல்லை. அதனால் உதடு வெளியே பார்த்தது. வாழ்க்கையில் அவர் குழப்பமே இல்லாமல் போட்ட முதல் சீல் அதுதான். முடித்ததும் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார்.

"இன்னா சொல்லுது?" தமிழ்வாணன் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்ல மொதலாளி."

"அப்ப நல்லா ஓடுது" என்று சொல்லி, தமிழ்வாணன் போனை எடுத்து வேலூர்க்காரன் நம்பரை அழித்தார்.