இடப்பக்கச் சிவப்பு

அவளுடைய வலது கை துணியைத் தள்ளிக் கொடுக்க, இடது கை சுருக்கத்தை நீவிக்கொண்டே வந்தது. தையல் மிஷின் ஊசிக்கடியில், பட்டத்தின் நுனியோரமாக, உள்ளங்கை அகலச் சிவப்புத் துணி ஒன்று மெல்லத் தைபட்டுக்கொண்டிருந்தது. கடலில் பலகைமேல் நிற்கும் ஆளை இழுத்துக்கொண்டு பறக்கிற பட்டம் அது. விரித்தால் பட்டறையையே மூடிவிடும்.

கதவோரம் ஸ்டூலில் அவள் தங்கை, வலது கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி, இடது கையால் நூல்கண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காத்து ஏறிடுச்சு. வாசல் போர்டு ஆடுற ஆட்டத்தைப் பாரு."

"அது ஆடட்டும். நீ ஆடாம உட்காரு."

இந்தச் சிவப்புக்கே தங்கைதான் காரணம். கரையில் ஒருவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவளுடைய கயிறுகளை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டார். இடப்பக்கம் இழுத்தால் பட்டம் வலப்பக்கம் பாய்ந்தது. அவளைத் தரதரவென்று இழுத்துப்போய் அலைதடுப்புக் கற்களில் அடித்தது. காறை எலும்பு போயிற்று.

அதன்பிறகுதான் கரையில் பட்டம் விடுகிற புதியவர், பழையவர் எல்லாரும் கூடிப் பேசினார்கள். கம்பெனிக்கொரு நிறம் இருப்பதால்தான் குழப்பம். இனி எல்லாப் பட்டத்திலும், கைப்பிடிக் கட்டையிலும் இடப்பக்கம் சிவப்பு. புதியவரின் பட்டத்தைத் தேர்ந்தவர் ஒருவர்தான் பிடித்து விட வேண்டும். யாராவது தலைக்குமேல் கைகளைப் பெருக்கல் குறிபோல வைத்தால், காரணம் கேட்காமல் அப்படியே நிறுத்த வேண்டும்.

தையல் வேலை அக்கா தலையில் விழுந்தது. அவள் குடைத்துணியும் கூடாரமும் தைத்தவள். பட்டம் தைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நைந்துபோன ஒன்றை இழை இழையாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டாள். கடலில் முழங்காலுக்குமேல் நனைந்ததில்லை.

கரையில் எல்லாரையும்விட உயரம் பறப்பவனுக்குப் பருந்து என்று பெயர். அவன் கூட்டத்திலேயே நக்கலடித்தான். "எனக்குச் சிவப்புத் துணி கட்ட, நான் என்ன லாரிக்கு வெளியில நீட்டிட்டிருக்கிற கம்பியா? ஒரு தடவை தப்பு நடக்கட்டும், அப்புறம் இதெல்லாம் கரித்துணிதான்." பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் தங்கள் பட்டங்களைக் கொண்டுவந்து கொடுத்தது அவளை நம்பித்தான்.

ஊசி ஒரு மூலையைச் சுற்றித் திரும்பியது. அவள் கண் பட்டத்தில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயரில் விழுந்தது. மெல்லிய துணியின் வழியே எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தன. அப்படித்தான் தெரிய வேண்டும். காற்றடைக்கும் குழாய்கள் மேலே பார்க்கும்படி விரித்துத்தான் அவள் எப்போதும் இடம் குறிப்பாள். பறக்கும்போது ஓட்டுபவர் கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான்.

புதிதாகக் கற்றுக்கொள்ளும் பேக்கரிக்காரர் பட்டத்தில் அந்த எழுத்தை நேராகவே படித்தது ஞாபகம் வந்தது.

கால் மிதியிலிருந்து விலகியது. அவருடையதில் மட்டும் கிழிசல் இருந்தது. வெளிப்பக்கம் ஒட்டுப்போடக் கவிழ்த்துப் போட்டவள், திருப்பாமல் அப்படியே சிவப்பையும் தைத்துவிட்டாள். அப்படியென்றால் சிவப்பு இருப்பது வலப்பக்கம்.

"பேக்கரி அண்ணன் பட்டத்தை எப்போ வாங்கிட்டுப் போனாரு?"

"இப்பதான். இன்னைக்கு இறங்கியே தீருவேன்னாரு. ஏங்கா?"

"போனைப் போடு அவருக்கு."

தங்கை போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் இறங்குகிறவர் யார் போனைக் கையில் வைத்திருப்பார்? அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மணல்மேட்டில் ஏறியதும் தெரிந்தது. தொலைவில் பருந்து பட்டத்தின் விளிம்பைப் பிடித்து நின்றான். கயிறுகள் விறைத்திருந்தன. மறுமுனையில் பேக்கரிக்காரர், இடுப்புக் கொக்கியில் கட்டையை மாட்டிக்கொண்டு, விடலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் அதே கற்கள்.

"விடாதே" என்று கத்தினாள். காற்று அதைப் பின்பக்கமாகத் தூக்கிப்போயிற்று. தலைக்குமேல் கைகளைக் குறுக்கே வைத்தாள். பருந்து பார்த்தது பேக்கரிக்காரரை; அவளை இல்லை.

மேட்டடியில் ஈர உடை உலர்த்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். என்ன ஏது என்று புரியாமலே தானும் கைகளைக் குறுக்கே தூக்கினாள். அடுத்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர். அவரைப் பார்த்துத் தண்ணீரோரம் நின்ற இருவர். பருந்தின் விரல்கள் தளரத் தொடங்கியிருந்தன. கண்ணோரத்தில் அந்தக் கைகள் பட்டதும் பட்டத்தை மார்போடு அணைத்து மணலில் சாய்த்தான்.

அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"என்னக்கா, கடல்ல சுறாவா?" என்றான் பருந்து.

"சிவப்பு வலப்பக்கம் இருக்கு தம்பி. நான்தான் மாத்தித் தைச்சுட்டேன்."

பேக்கரிக்காரர் கொக்கியைக் கழற்றினார். "ஏம்மா, நான் சிவப்புக்குச் சிவப்புதானே மாட்டினேன்?"

"நீங்க சரியாத்தான் மாட்டினீங்க அண்ணே. அதான் ஆபத்தாப் போச்சு."

சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. பருந்து வாயைத் திறந்தால் போதும், நாளைக்கு ஒருவர் பட்டத்திலும் சிவப்பு இருக்காது. எல்லார் கண்ணும் அவன்மேல். அவன் நுனியைத் திருப்பிப் பார்த்தான். கயிற்றை விரலால் தடவிக்கொண்டே கட்டைவரை நடந்தான், திரும்பி வந்தான்.

"கையில பிடிச்சுட்டு நின்னது நான்" என்றான். "சிவப்பைப் பார்த்தேன், போதும்னு இருந்துட்டேன். இந்தத் துணி வர்றதுக்கு முன்னாடி கயிறு கயிறாப் பார்ப்பேன்."

அவன் குனிந்து கயிறுகளைக் கழற்றினான்.

"இனிமே தைக்கிறது ஒருத்தர், சரிபார்க்கிறது இன்னொருத்தர். பிடிக்கிறவன் கயிறையும் பார்க்கணும். வாங்கக்கா, பட்டறைக்குப் போவோம்."

அன்றைய நல்ல காற்றை விட்டுவிட்டு அவனே பட்டத்தைச் சுருட்டித் தோளில் போட்டான். பேக்கரிக்காரர் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பட்டறையில் அவள் தையலைப் பிரித்தாள். துணி கிழியாமல் ஒவ்வொரு கண்ணாக நிமிண்டி எடுக்க வேண்டியிருந்தது. பருந்து எதிரில் மண்டியிட்டுத் துணியை இழுத்துப் பிடித்தான்.

"என் பட்டத்துக்குச் சிவப்பு வேணாம். இப்பவே சொல்லிட்டேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் தங்கை. "பிடிக்கிறதை ஒழுங்காப் பிடி."

குழாய்கள் மேலே பார்க்க விரித்து, எழுத்து மாறித் தெரிகிறதா என்று பார்த்து, அவள் சிவப்பை மறுநுனியில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்துத் தலையாட்டிய பிறகே ஊசியை இறக்கினாள். தைத்ததும் கைப்பிடிக் கட்டையைப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்து, கயிறுகளைத் தரையில் நீட்டி, அவரையே மாட்டச் சொன்னாள். அவளும் பருந்தும் பேக்கரிக்காரரும் நுனிமுதல் கட்டைவரை விரல் வைத்துப் பார்த்தார்கள்.

"சரியாம்மா?"

"சரி அண்ணே."

பேக்கரிக்காரர் பட்டத்தைச் சுருட்டினார். அவள் பையின் வாயை அகட்டிப் பிடித்தாள். அவர் உள்ளே தள்ளினார். ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.