வண்டி என்று அறிவிக்கப்பட்ட டிராக்டர்

'உழு' என்ற சொல்லின் அடியில் பிழை என்று சிவப்புக் கோடு விழுந்ததும் என் மாணவன் சேகர் மவுசை விட்டுக் கையை எடுத்துவிட்டான். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாணவர்கள் நம்மைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பது, ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு வாரிசாக வரும் இன்ஹெரிட்டன்ஸ் பாடத்தில்தான்.

உழாத டிராக்டர்

வண்டி என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு வகை. அதற்கு ஓடத் தெரியும்; இப்படித் தெரிந்த வேலைக்கு மெத்தட் என்று பெயர். அதன் கீழ்வகை, அதாவது சப்கிளாஸ், டிராக்டர். அது உழவும் செய்யும். சேகர் வேரியபிள் என்கிற பெட்டி ஒன்றை வண்டி என்று டிக்ளேர் செய்து, அதாவது அறிவித்து, அதில் ஒரு டிராக்டர் ஆப்ஜெக்டைப் போட்டிருந்தான். தப்பில்லை, ஊரே டிராக்டரை வண்டி என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த வேரியபிள் வழியாக வண்டிக்குத் தெரிந்த வேலையை மட்டுமே கூப்பிடலாம், அதனால்தான் எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் 'உழு'வுக்குக் கோடு போட்டது என்றேன். சேகர் வீட்டில் சொந்த டிராக்டர் உண்டு. திரையைக் காட்டிக் கேட்டான்:

"கலப்பையோட நிக்குது சார். கம்பைலருக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

அவலூர்பேட்டை மருமகள்

பக்கத்து கம்ப்யூட்டரில் கலைவாணி. அவலூர்பேட்டைக்குக் கல்யாணமாகிப் போன பிறகு படிக்க வந்தவர். வியாழக்கிழமை ஒரு கம்பெனி வேலைக்காக அவரை வீடியோவில் நேர்காணல் செய்ய இருந்தது. அதில் தேறாவிட்டால் வகுப்பு போதும் என்று மாமனார் சொல்லிவிட்டார். சேகருக்கு நான் மறுபடி விளக்க ஆரம்பித்தபோது, கலைவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எங்க வூட்ல என்னை மருமகள்னு டிக்ளேர் பண்ணிட்டாங்க சார். சமையலக் கூப்புடுவாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டறதக் கூப்புடுவாங்க. ப்ரோக்ராம் எழுதறது உள்ளதான் இருக்குது."

வியாழக்கிழமை

வீட்டில் சிக்னல் இல்லாததால் கலைவாணி நேர்காணலுக்கு எங்கள் சென்டருக்கே வந்தார். கூட்டிவந்த மாமனார் வாசலையொட்டி உள்ளே கிடந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் இருந்தவர் கேட்டார்: மேல்வகையான சூப்பர்கிளாஸ் வேரியபிளில் சப்கிளாஸ் ஆப்ஜெக்ட் இருக்கிறது, இரண்டு கிளாஸிலும் ஒரே பெயரில் மெத்தட், எது ஓடும்? கலைவாணி வண்டியில் தொடங்கினார். டிராக்டர் ஓடுகிற விதத்தை டிராக்டர் கிளாஸில் மாற்றி எழுதியிருந்தால், வண்டி என்று கூப்பிட்டாலும் அது டிராக்டராகத்தான் ஓடும் என்றார். பெஞ்சிலிருந்து மாமனார் என் பக்கம் சாய்ந்தார்.

"டிராக்டரப் பத்தியா கேக்கறாங்க? நம்ம பொண்ணா சொல்லுது?"

ஆமாம் என்றேன். கீழே திருவண்ணாமலை பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கலைவாணி காதில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். மாமனார் எழுந்துபோய், பஸ் சத்தம் உள்ளே வராதபடி வாசல் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.