கத்தார் விலையில் ஒரு கண்டக்குழிப் படகு

கற்பிட்டியில் டொல்பின் பார்க்க எவ்வளவு செலவாகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செலவை எழுதுகிறேன். ஆனால் நான் டொல்பினுக்காகப் போகவில்லை.

என் தங்கச்சியின் கணவர் ரிபாஸ் பெப்ரவரியில் விடுமுறைக்கு வந்திருந்தார். பதினொரு வருடமாகக் கத்தாரில் சாரதி வேலை. இனித் திரும்பிப் போகாமல், கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் விலைக்கு நிற்கும் ஒரு சுற்றுலாப் படகை வாங்கி ஓட்டிக்கொண்டு வீட்டோடு இருப்பது அவருடைய திட்டம். தங்கச்சிக்கும் அதே ஆசை. “நானா, நீங்க ஒருக்காப் போய்க் கணக்கப் பாருங்க. நட்டமெண்டா மொகத்துக்கு நேரே சொல்லிருங்க” என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணன்தான் நானா. நான் புத்தளத்தில் நீர்ப்பம்பி உதிரிப்பாகம் விற்கிறவன். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்றுத்தான் இந்தக் கடை வந்தது. எஞ்சின் என்று எது வந்தாலும் குடும்பத்தில் என் தலையில்தான் கட்டுவார்கள். அலுப்போடு ஓம் என்றேன்.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுத் தில்லையடியிலிருந்து என் பழைய காரில் கிளம்பினோம். பெற்றோல் செட்டில் ரிபாஸ் தலையை வெளியே நீட்டி, “ஃபுல் அடிங்க” என்றார். அடிக்கிற பையன் என் முகத்தைப் பார்த்தான். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. கையில் இருக்கும் காசைத்தான் சொல்வோம். “மூவாயிரத்துக்கு அடிங்க தம்பி” என்றேன். அன்றைய விலை லீற்றர் முந்நூறு ரூபாவை ஒட்டி இருந்தது, பத்து லீற்றர் வந்தது. போய்வர நூறு கிலோமீற்றர் அளவில் வரும், அதற்குப் போதும்.

பாலாவிச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நுரைச்சோலை தாண்டினால் மின்சாரக் காற்றாடிகளும் வெங்காயப் பாத்திகளும். தெருவில் கழுதைகள் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது. வழி முழுக்க ரிபாஸ் பெற்றோல் கதைதான் கதைத்தார். கத்தாரில் லீற்றர் இரண்டு ரியால், எங்கள் காசுக்கு நூற்றறுபது சொச்சம். “இங்க மனுசன் வாழ ஏலுமா மச்சான்?” என்றார். பம்பி வாங்கக் கோயம்புத்தூர் போனபோது அங்கே நூறு இந்திய ரூபாவுக்கு மேல் இருந்ததைச் சொன்னேன். எங்கள் காசில் அது முந்நூற்றைம்பது.

கண்டக்குழிக் கரையில் அந்தப் படகின் சொந்தக்காரர் சமீம் காத்திருந்தார். ஊர் குறிஞ்சிப்பிட்டி. ஆறு பேர் போகலாம், ஒரு ஓட்டம் போய்வரப் பதினையாயிரம். கண்டியிலிருந்து வந்த நாலு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டதால் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. நீங்கள் போனாலும் இப்படிச் சேர்ந்து போவதுதான் மலிவு.

கரை மறையும்போது ரிபாஸ் கேட்டார், “இது லீட்டருக்கு எத்தன கிலோமீட்டர் ஓடும்?”

சமீம் எஞ்சினைப் பிடித்தபடியே சிரித்தார். “கடல்ல கிலோமீட்டர் கட்ட நட்டிருந்தாச் சொல்லலாம். நாங்க கேன் கணக்கு. போக ஒரு கேன், வர ஒரு கேன், காத்து மாறினா அதுக்கும் ஒண்டு.”

வழக்கமான இடத்தில் அன்று டொல்பின் இல்லை. கண்டிக்காரப் பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்த்து சமீம் இன்னும் வெளியே விட்டார். கடைசியில் ஒரு பெரிய கூட்டம் வந்தது, படகைச் சுற்றித் துள்ளியது. எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். நான் மூன்றாவது கேனைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேனுக்குப் பத்து லீற்றர், கரைக்குப் போக முப்பதும் முடிந்துவிடும். தூரம் கூடினாலும் ஓட்டக் காசு கூடாது.

கரைக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது ரிபாஸ் தன் கணக்கை விரித்தார். ஓட்டத்துக்கு நூற்றெண்பது ரியால் வரும். முப்பது லீற்றர் பெற்றோல் எண்ணெய்க்கு அறுபது ரியால் போனால், நூற்றிருபது மிச்சம்.

“அறுவது எப்பிடி?” என்றேன்.

“லீட்டர் ரெண்டு தானே.”

சமீமுக்குத் தேத்தண்ணி புரையேறியது. பதினொரு வருடமாக எல்லாவற்றையும் ரியாலில் நினைத்து நினைத்து, படகுக்கும் ஓட்டத்துக்கும் எங்கள் காசை ரியாலாக மாற்றிய மனிதர் பெற்றோலை மட்டும் கத்தாரிலேயே விட்டுவிட்டார்.

“மச்சான், அந்த ரெண்டு ரியால் அங்கதான். பெட்டியில போட்டுக் கொண்டு வர ஏலா” என்றேன். இங்கத்தைய விலையில் எண்ணெய்க்கே ஒன்பதாயிரம். ஆள் பிடித்துத் தரும் ஹோட்டலுக்கும் கூட நிற்கும் உதவியாளுக்கும் கொடுத்தால் கைக்கு இரண்டாயிரம் மிஞ்சினால் பெரிது. அதுவும் வருடத்தில் ஐந்தாறு மாதம்தான். மற்ற மாதம் கடல் விடாது.

“அங்க உங்களுக்குச் சொந்த வாகனம் எத்தன?” என்று சமீம் கேட்டார்.

“கம்பனி பிக்கப்.”

“அப்ப எண்ணெய்க் காசு?”

“அதுவும் கம்பனிதான்.”

“அட, அப்ப உங்களுக்கு ரெண்டு ரியாலும் இல்ல, சும்மா!” சமீம் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கி, “மொதலாளி, ஒளிக்காமச் சொல்றேன். இத வித்துட்டு விசாவுக்குக் கட்டத்தான் பாக்குறேன். மச்சானுக்கிட்டச் சொல்லி அந்தக் கம்பனில ஒரு சாரதி வேல எடுக்கலாமா?” என்றார்.

ரிபாஸ் தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்தார். எழுந்து காருக்கு நடந்தோம்.

பாலாவி வருமுன் தங்கச்சி அழைத்தாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், ரிபாஸ் எடுத்தார். “இல்ல, வாங்கல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஓம், திரும்பிப் போற டிக்கட்டுத் திகதி மாத்தல” என்றார்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். விடியற்காலைக் கடல்தான் அமைதி. டொல்பின் தென்படாவிட்டால் காசு பாதியா முழுசா என்பதை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். படகுக்காரர் தூரம் போய்க் காட்டினால் மேலே ஆயிரம் கொடுங்கள், அது அவருடைய எண்ணெய். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே தொழில் தொடங்க நினைத்தால், இங்கே வந்து ஒரு மாதம் உங்கள் சொந்தக் காசில் பெற்றோல் அடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள்.

ரிபாஸ் கத்தாருக்குப் போய் மூன்று கிழமை. கணக்குச் சரி. அதைப் பார்க்கச் சொல்லி அனுப்பியதும் தங்கச்சிதான். என்னோடு அவள் இன்னும் கதைப்பதில்லை.