அரண்மனை வாசலில் குவைத் அட்டை

பெய்ஜிங்கின் பழைய அரண்மனை வாசலில் குவைத் சிவில் ஐடியை நீட்டிய முட்டாள் நான்தான். நீட்டியதுகூடப் பெரிய அவமானமில்லை. காவலாளி அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "சரியாப் பாருய்யா" என்று தமிழில் அதட்டி மறுபடியும் நீட்டினேன்.

இந்த அறிவீனத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷ வளைகுடா வாழ்க்கை இருக்கிறது. குவைத்தில் நான் குடியிருக்கும் ஃபர்வானியாவில் அந்த அட்டை இல்லாமல் நான் பால் வாங்கக்கூடக் கீழே இறங்குவதில்லை. ஆஸ்பத்திரி, பேங்க், வழியில் மறிக்கும் போலீஸ் என எல்லாருக்கும் அது போதும். பாஸ்போர்ட் வேறு ஜாதி. முதல் பத்து வருஷம் கம்பெனிக்காரன் அதை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தான். லீவுக்கு ஊருக்குப் போகக் கெஞ்சி வாங்க வேண்டும். கையில் கொடுத்த பிறகு நானே ஒரு பெட்டி வாங்கி அதில் பூட்டினேன். விடுதலையானவன் வீட்டுக்குள் ஒரு லாக்கப் கட்டிக்கொண்ட மாதிரி.

ஆகவே அந்த பெய்ஜிங் ஹோட்டலில் எனக்குப் பிடித்த ஒரே பொருள் அலமாரிக்குள் இருந்த பெட்டகம். மற்றதெல்லாம் மோசடி. இணையப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே அரண்மனைக் கூரை தெரிந்தது. நேரில் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மெஷின்கள் தெரிந்தன. சண்டைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண்மணி போனில் ஏதோ பேசி, மொழிபெயர்ப்பைக் காட்டினாள்: 'படம் அழகுக்காக.'

என் மனைவிக்கு ஹோட்டலைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு அரண்மனையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட்டை ஒரு வாரம் முன்பே அவளே போனில் போராடி எடுத்திருந்தாள். அன்று காலை மட்டும் செல்லும். மறுநாள் விமானம்.

"பாஸ்போர்ட்டைப் பெட்டில வை" என்றேன் கிளம்பும்போது.

"டிக்கெட்டே பாஸ்போர்ட் நம்பர்லதாங்க இருக்கு. கேப்பாங்க."

"நம்பரைச் சொன்னாப் போச்சு. வெளியூர்ல பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு அலையறவன் மடையன். வச்சாச்சா?"

"ம்."

பார்க்காமலே பெட்டகத்தைப் பூட்டினேன்.

வரிசையில் ஒரு மணி நேரம். பின்னால் நின்றவளின் குடைக்கம்பி என் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணியது. பிறகுதான் அந்தக் காவலாளி. தமிழ் எடுபடாததால் இந்திக்கு மாறினேன். வளைகுடாவில் அரபி அல்லாதவன் யாராயிருந்தாலும் நமக்கு இந்திதானே? "பாய், யே கவர்மென்ட் கார்டு ஹை!" அவன் என் அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் பொறுமையாகப் பார்த்தான். பிறகு, ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்து ஓரமாக நிற்கச் சொன்னான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டபடி மனைவி கைப்பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"வைக்கலியா நீ? அப்ப எதுக்கு 'ம்'னு சொன்னே?"

"இல்லைன்னா அங்கயே ஒரு மணி நேரம் பேசுவீங்க."

"அதுக்காக? என்னை விட்டுட்டுத் தனியாப் போயிருவியா?"

"பின்ன? இதுக்குத்தான வந்தேன்."

பாஸ்போர்ட்டை வைத்ததும் வாசலில் இருந்த மெஷின் கீச்சென்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஹோட்டலுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டோடு திரும்புவதற்குள் காலை நேரம் முடிந்துவிடும். அதனால் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சுவரைக் கட்டிய பேரரசர்களை வம்சவாரியாகத் திட்டினேன். இந்த அரண்மனையைப் பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் படித்தவன் நான். யாரை யார் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று கேட்டால் சொல்வேன். தெற்கு வாசலில் நுழைந்தவர்கள் அதே வழியில் திரும்பி வருவதில்லை என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது: வடக்குப் பக்கமாக வெளியே வந்துவிட்டாளாம், ரூமுக்குப் போகிறாளாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சுளைகூட நீட்டவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பெருசுதான். கல்யாணமானதுலேர்ந்து இப்பதாங்க ஒரு எடத்தை முழுசாப் பாத்திருக்கேன்."